லைக்கா வேஷம் போட்ட ரஷ்யன்

செலண்டார்
21 பிப்ரவரி 2024

என் அக்காள் மகள், செல்வி மலர்க்கொடிக்கு,

தாய்மாமன் காளிதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதும் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்த மண்டபத்தை விட்டு நான் வெளியேறியபோது, "இனி உங்க யாருகிட்டயும் வாயத் திறந்து பேச மாட்டேன்!" என்று முழங்கினேன். ஜாசின் வரைக்கும் கேட்டிருக்கும். சொன்ன சொல் தவறாதவன் நான். ஆகவே குடும்பக் குழுவை விட்டு விலகி, உன்னையும் உன் அம்மாவையும் பிளாக் செய்துவிட்டேன். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தபால் நிலையத்துப் பெண் என்னைப் பார்த்ததும், "பாச்சிக், பில் கட்டவா?" என்றாள். மலாயில் நான் எல்லாருக்கும் மாமன்தான். தபால்தலை கேட்டேன். பாவம், மூன்று டிராயரைத் துழாவினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் கட்டிக்காத்து வந்த தாய்மாமன் பதவியை இன்று ராஜினாமா செய்கிறேன். காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

பதினொரு சீர்த்தட்டில் பழமும் பட்டும் பலகாரமும் வைத்தேன். பன்னிரண்டாவது தட்டில் சிவப்புத் துணி விரித்து என் லைக்கா கேமராவை வைத்தேன். பித்தளை பளபளக்க, நெற்றியில் கழுகு முத்திரையும் 'பெர்லின் 1936' என்ற எழுத்தும் மின்ன, மாப்பிள்ளை கிருபாலனைவிட அழகாக இருந்தது. அதன் வரலாற்றை மைக்கைப் பிடித்து நானே எடுத்துரைத்தேன். ஒலிம்பிக் பந்தயத்தைப் படமெடுத்த ஜெர்மன் தளபதி, அவனுடைய குதிரை, குதிரை செத்த பிறகு அவன் ஏறிய நீர்மூழ்கிக் கப்பல், அந்தக் கப்பல் உம்பாய் கரையோரம் சுட்ட மீன் வாசனைக்கு மயங்கி மேலே வந்த கதை, எல்லாம் சொன்னேன். ஜனம் கைதட்டியது.

அப்போது எழுந்து வந்தார் உன் வருங்கால மாமனார் கணேசலிங்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். லென்ஸைத் திருகிக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்தில் மைக் இருப்பதுகூடத் தெரியாமல் சொன்னார்: "தம்பி, கோவிக்காதேயுங்கோ. இது லைக்கா இல்லை. ரஷ்யன் சாமான். லைக்கா வேஷம் போட்டிருக்கு."

எண்பது பேர் சிரித்தார்கள். சாம்பார் ஊற்றியவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அதெல்லாம் பரவாயில்லை. நீயும் சிரித்தாய்.

மே 19 அன்று மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேறு மாமனைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
முன்னாள் தாய்மாமன்
காளிதாஸ்

பி.கு.: கோபத்தில் ஆட்டிறைச்சிப் பெரட்டல் சாப்பிடாமல் வந்துவிட்டேன். யாராவது எடுத்து வைத்தார்களா?


மலாக்கா
27 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமா,

உங்கள் ராஜினாமா கிடைத்தது. ஏற்கப்படவில்லை.

கையுறை ஃபேக்டரியில் ஏழு வருடமாக இந்த மாதிரிக் கடிதங்களை வாங்கி ஃபைல் பண்ணுவதுதான் என் வேலை என்பது உங்களுக்கே தெரியும். இருபத்தொன்பது வருடம் சர்வீஸ் போட்டவர் மூன்று மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதிய தேதியிலிருந்து கணக்குப் போட்டால் மே 21 வரை நீங்கள் பணியில் இருக்கிறீர்கள். கல்யாணம் மே 19. வெள்ளை வேட்டியைத் துவைத்து வையுங்கள்.

இனி என் பங்குக்கு நான் சொல்கிறேன். நான் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை மாமா. நீர்மூழ்கிக் கப்பல் வந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கி வைத்திருந்தேன். கணேசலிங்கம் அங்கிள் அந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வேறு. அப்பா இருந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் எழுந்து போனதும் அம்மா தனியாக நின்று தாம்பூலம் மாற்றினார். கிருபாலன் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். ஒரு கேமராவுக்காக என்னை விட்டுவிட்டுப் போவீர்களா?

இன்னொன்று. அந்தக் கேமராவைப் பற்றி அங்கிள் கிருபாலனிடம் சொன்னதை நீங்களும் கேட்க வேண்டும். அதன் உண்மையான பெயர் ஃபெட். அந்தக் காலத்து ரகசியப் போலீஸ் தலைவர் ஒருவருடைய பெயரின் முதல் எழுத்துகளாம். கார்கிவ் என்ற ஊரில், ரோட்டில் அநாதையாகத் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விடுதி நடத்தினார்கள். ஜெர்மன்காரனுடைய லைக்காவைத் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி செய்தது அந்தப் பிள்ளைகள்தான். அந்த ஊர் இப்போது உக்ரேனில் இருப்பதால் ரஷ்யன் என்று சொன்னதே தன் தப்பு என்றும் அங்கிள் சொன்னார். பெர்லின், கழுகு எல்லாம் ரொம்பக் காலம் கழித்து யாரோ ஏமாற்றி விற்பதற்காகச் செதுக்கியதாம். உள்ளே குட்டிச் சக்கரம் இருந்தால் லைக்கா. நாக்கு மாதிரி தகடு இருந்தால் ஃபெட். உங்களுடையதில் நாக்கு இருக்கிறது. பொருத்தம்தான்.

நீங்கள் வராவிட்டால் மாலை போட வசந்தன் மாமாவைக் கேட்கலாம் என்கிறார் அம்மா.

உங்கள்,
மலர்

பி.கு.: பெரட்டல் ஃப்ரீசரில் இருக்கிறது. வந்தால் கிடைக்கும்.


செலண்டார்
5 மார்ச் 2024

மலர்க்கொடிக்கு,

வசந்தனா?

பழைய கார் விற்கிற வசந்தனா? மாலையைப் போட்டுவிட்டு உன்னையும் ஒரு டெஸ்ட் டிரைவ் எடுத்துப் பார்க்கச் சொல்வானே! அவன் உனக்கு ஒன்றுவிட்ட மாமன்கூட இல்லை, நாலு விட்ட மாமன். உன் கையை அவன் பிடித்தால் செலண்டாரில் இருக்கிற ரப்பர் பால்மரமெல்லாம் சிவப்பாகப் பால் வடிக்கும், சொல்லிவிட்டேன்.

நாற்காலி விஷயம் எழுதியிருந்தாய். அந்த வரிக்குப் பதில் எழுதப் பார்த்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டேன். அடுத்த வரிக்குப் போகிறேன்.

அநாதைப் பிள்ளைகள் கதையை ஏன் எனக்கு எழுதினாய்? நான் முப்பது வருடம் பாடுபட்டு ஒரு தளபதியையும் குதிரையையும் கப்பலையும் உருவாக்கினேன். உண்மை வந்து ஒரே உதையில் என் கப்பலைக் கவிழ்த்துவிட்டது. ரோட்டில் கிடந்த பிள்ளைகள் ஜெர்மன்காரனுக்குச் சவால் விட்டுக் கேமரா செய்தார்களாம்! இது எனக்கு முன்பே முழுசாகத் தெரிந்திருந்தால் இன்னும் இருபது பிள்ளைகளைச் சேர்த்து அதையே சொல்லியிருப்பேனே. என் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மை என் பொய்யைவிடப் பெரிதாக இருக்கிறது. இந்த அவமானத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் வரமாட்டேன். மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திரும்பப் பெற வேண்டும். கணேசலிங்கம் எண்பது பேரையும் திரும்பக் கூட்டி, "காளிதாஸ் ஒரு மகான்" என்று மூன்று முறை சொல்லட்டும். அந்தச் சாம்பார்க்காரனும் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் காலத்தில், ஆனால் மருத்துவ விடுப்பில் இருக்கும்,
காளிதாஸ்


மலாக்கா
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தேன். இப்போது நானே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு விபத்து.

பத்து நாளைக்கு முன்னால் கணேசலிங்கம் அங்கிள் உங்கள் கேமராவை இரவல் கேட்டார். "ஒருக்கா வடிவாப் பார்த்திட்டுத் தாறன் பிள்ளை" என்றார். கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே ஆள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கோயிலில் என்னைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். கல்யாணத்தை நிறுத்தப் போகிறார்களோ என்று அம்மா பயந்துவிட்டார். கடைசியில் கிருபாலன் உண்மையைக் கறந்தார்.

கேமரா இறுகிப்போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. பிலிம் சுற்றும் குமிழும் திரும்பவில்லை.

ஜப்பான் கேமராவில் செய்கிற மாதிரி, பிலிமைச் சுற்றாமலே வேகக் குமிழைத் திருப்பியிருக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே நீங்கள், "முதல்ல சுத்து, அப்புறம் திருப்பு. மாத்திச் செஞ்சே, கேமரா வெடிச்சிடும்" என்று சொல்வீர்கள். வெடிக்கிறது என்பதை நான் நம்பவில்லை. மீதி உண்மை போலிருக்கிறது.

அறுபத்தெட்டு வயதில் மனிதர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம். "சபையில ஆளைச் சிரிக்க வைச்சன். இப்ப சாமானையும் உடைச்சிட்டன். எந்த முகத்தோட சம்பந்தம் பண்ணுறது?" என்கிறாராம்.

மாமா, உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்கும் நடுவில் என் கல்யாணம் நிற்கிறது. மாலை போட நீங்கள் வரமாட்டீர்கள், மண்டபத்துக்கு அவர் வரமாட்டார் என்றால், நானும் கிருபாலனும் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவோம். இது மிரட்டல் இல்லை. ஆமாம், மிரட்டல்தான்.

மலர்


செலண்டார்
5 ஏப்ரல் 2024

என் கண்ணே, கண்மணியே, மலர்க்கொடியே,

உன் கடிதத்தை ஒன்பது தடவை படித்தேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவன் மலாய்க்காரன், தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ரஷ்யன் சாமான்" என்று கண்டுபிடித்த மேதைக்கு அந்த ரஷ்யனிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லையா? மகிழ்ச்சியில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது. காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

கேமரா சாகவில்லை. மயங்கியிருக்கிறது. இந்த மலாக்கா மாநிலத்தில், ஏன், பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கத்தில் அதை எழுப்பத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் செலண்டாரில் இருக்கிறான். யாரும் அதைப் பலம் கொண்டு திருப்ப வேண்டாம். கணேசலிங்கம் தம் கையால் கொண்டுவரட்டும். பல்லக்கு, யானை எதுவும் வேண்டாம், காரிலேயே வரலாம்.

பெரட்டலையும் கொடுத்தனுப்பு.

காளிதாஸ்


மலாக்கா
9 ஏப்ரல் 2024

மாமா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வருஷப் பிறப்பு என்பதால் நல்ல சட்டை போட்டு வருவார். உங்கள் வீட்டு ஜாலானில் தெருநாய் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். தயவுசெய்து டிராமா வேண்டாம்லா. அவர் உண்மையாகவே பயந்திருக்கிறார்.

பெரட்டல் பச்சை டப்பாவில்.

மலர்


செலண்டார்
15 ஏப்ரல் 2024

அன்பு மலருக்கு,

வந்தார்.

நான் டிராமா எதுவும் செய்யவில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, அவர் வருவதைப் பார்க்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். பேப்பர் தலைகீழாக இருந்ததை அவர்தான் சொன்னார்.

காரிலிருந்து இறங்கியவர் ஒரு துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி கேமராவை ஏந்தி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, சபதம் இருக்கிறதே. இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நான் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்தினேன். உள்ளே ஒரு பல் சக்கரம் அரைப் பல் தள்ளி மாட்டியிருந்தது. ஊசியால் நகர்த்தினேன். அவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் என் மூக்கிலும் சுவரிலும் ஆடியது.

"சம்பந்தி, லைட்ட கேமராவுல அடிங்க, என் மூக்கு ரிப்பேர் இல்ல" என்றேன். இப்படியாக என் சபதம் உடைந்தது. ஐம்பத்தாறு நாள் தாங்கியது. உலக சாதனையாக இருக்கலாம்.

பொத்தானை அழுத்தினேன். 'சடக்.' அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நாப்பது வருஷம் இந்தக் கேமராவைப் பற்றிப் புத்தகத்திலதான் படிச்சிருக்கிறன்" என்றார். "கையில தொட்டது இல்லை. அண்டைக்குத் தட்டில கண்டவுடன எனக்குத் தலைகால் புரியேல்லை. உங்களைச் சிறுமைப்படுத்த எண்டு சொல்லேல்லை. சந்தோசத்தில வாயில வந்திட்டுது. அவையள் ஏன் சிரிச்சவை எண்டுகூட எனக்கு முதல்ல விளங்கேல்லை."

மலர், கேட்டாயா? நான் ஒரு மனிதனுடைய சந்தோஷத்தை அவமானமாக எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், உன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அது லைக்கா இல்லை என்று எனக்குத் தெரியும். வாங்கிய அன்றைக்கே தெரியும். தொண்ணூற்று மூன்றில் நான் எண்ணெய் லோரி ஓட்டிக்கொண்டு போர்ட் கிள்ளானுக்குப் போனபோது, கப்பலில் இருந்து இறங்கிய ஒரு ரஷ்யன் என் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டான். உன் அம்மா செய்து கொடுத்த சம்பால் போத்தலை எடுத்து வைத்தேன். ஒரு கரண்டி போட்டான். அழுதான். இன்னொரு கரண்டி போட்டான். போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். கழுகைக் காட்டி, "லைக்கா நோ, நோ" என்று தலையாட்டிச் சிரித்தான். முதலில் சுற்று, பிறகு திருப்பு என்று விரலால் செய்து காட்டினான். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய்யெல்லாம் சொந்தத் தயாரிப்பு.

ஏன் என்று கேட்பாய். அன்றைக்கு மண்டபத்தில் அவர்கள் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தேன். டாக்டர், டீச்சர், நிலா அலுவலகமோ நில அலுவலகமோ ஒன்று. நம் பக்கம் லோரி, தோட்டம், ஃபேக்டரி. என் பிள்ளையைச் சின்னதாகப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு பயம். நான் பயந்தால் பெரிதாகப் பேசுவேன். ரொம்பப் பயந்ததால் நீர்மூழ்கிக் கப்பல் வந்தது.

அந்த நாற்காலிக்கு என்னை மன்னித்துவிடு.

ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன். ஏற்றுக்கொள்வதும் தள்ளுவதும் நிர்வாகத்தின் விருப்பம்.

காளிதாஸ்

பி.கு.: பெரட்டலை இரண்டு பேரும் சேர்ந்து முடித்துவிட்டோம். "உறைப்புக் காணாது" என்றார். காரம் போதாதாம். எனக்குப் பிடித்துவிட்டது இந்த ஆளை.


மலாக்கா
20 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

வாபஸ் ஏற்கப்பட்டது.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பைத்தியக்காரன், எவன் நம்ம புள்ளைய சின்னதா பார்ப்பான்? இவன்தான் பக்கத்துல நிக்கிறானே, பனைமரமாட்டம்" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பிழியப் போய்விட்டார். நீங்கள் ஐந்தடி இரண்டு அங்குலம். அம்மா கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறீர்கள். எனக்கும்.

கல்யாணத்தில் அந்தக் கேமராவில் நீங்களும் அங்கிளும்தான் படம் எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். எடுங்கள். தயவுசெய்து மைக் பக்கம் மட்டும் இரண்டு பேரும் போகவேண்டாம்.

உங்கள்,
மலர்


செலண்டார்
4 ஜூன் 2024

உம்பாயில் புதுக்குடித்தனம் நடத்தும் திருமதி மலர்க்கொடி கிருபாலனுக்கு,

இப்போதுதான் பேசிக்கொள்கிறோமே, பிளாக் எடுத்தாயிற்றே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கும் சம்பந்திக்கும் தைரியம் இல்லை. அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "மெதுவாய் எழுதுங்கோ" என்கிறார்.

உனக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போன அந்த முப்பது அடி நடைக்கு எனக்கு மூன்று நாள் பிடித்த மாதிரி இருந்தது. உன் கை சில்லென்று இருந்தது. "மாமா, மெதுவா போங்க, புடவை மிதிபடுது" என்றாய். உன்னை உட்கார வைத்துவிட்டு, கண் கலங்குவதற்குள் கேமராவை எடுத்துக்கொண்டேன். வாடகைக்கு வந்த போட்டோக்காரன் அவன் பாட்டுக்கு ரெண்டாயிரம் எடுத்தான். எங்கள் பிலிமில் முப்பத்தாறே படம், ஆனால் ஒவ்வொன்றும் ஓவியமாக எடுத்தோம். சுற்றினோம், பிறகு திருப்பினோம். தாலி கட்டியபோது சம்பந்தி. அட்சதை விழுந்தபோது நான். அவர் தூரம் அளந்தார், நான் வெளிச்சம் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டே இருந்தோம்.

நேற்று டவுனில் பிலிம் கழுவும் கடைக்குப் போனோம். அந்தப் பெண் கழுவி முடித்த பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மழைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"அங்கிள், லென்ஸ் மூடிய கழட்டினீங்களா?" என்றாள்.

இந்தக் கேமராவில் பார்க்கும் ஓட்டை வேறு, படம் பிடிக்கும் கண் வேறு. கண்ணை மூடி வைத்தாலும் ஓட்டையில் எல்லாம் ஜோராகத் தெரியும். அவர் நான் கழற்றினேன் என்று நினைத்தார். நான் அவர் கழற்றினார் என்று நினைத்தேன். அந்த மூடியோடு நாங்கள் உன் கல்யாணம் முழுவதையும் படமெடுத்திருக்கிறோம்.

"நாப்பது வருஷம் படிச்சனான்" என்று சம்பந்தி கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. ரோட்டில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

ஆனால் கடைசிப் படம், முப்பத்தாறாவது, விழுந்திருக்கிறது. அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுப் பந்தியின்போது உன் அம்மா வந்து எங்கள் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறதா? "புள்ள எவ்வளவு நேரமா கூப்பிடுது, ரெண்டு பேரும் போய்ப் பக்கத்துல நில்லுங்க. இதை என்னத்துக்கு மூடி வச்சிருக்கீங்க?" என்று எதையோ கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாரே, அதுதான் அந்த மூடி. நாங்கள் அப்போதும் கவனிக்கவில்லை, வாழைமரத்துக்குத் தூரம் எத்தனை அடி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

படத்தைப் பார். மங்கலாகத்தான் இருக்கிறது. வாழைமரம் மட்டும் நரம்பு நரம்பாகத் தெளிவு. நடுவில் நீ, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாய். இந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்திருக்கிறார், அந்தப் பக்கம் நான் விரலை நீட்டியிருக்கிறேன். உன் இரண்டு கையும் எங்கள் இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்திருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாமல்.

இன்னொரு பிலிம் வாங்கிவிட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உம்பாய் வருகிறோம். நீ கூறைப்புடவை கட்டி இரு, மாப்பிள்ளை வேட்டி கட்டட்டும். கேமரா உன் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. எங்கள் இருவருக்கும் பக்கத்தில் நிற்க மட்டும்தான் அனுமதி.

அது போதும் என்கிறார் சம்பந்தி. எனக்கும் போதும்.

உன் தாய்மாமன்,
காளிதாஸ்